வளவு வீடுகளைப் பிரித்தெடுத்தவர்கள்

இரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த தேக்குத் தூண்கள் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் முகப்பாகவும் நடுமுற்றம் சூழ்ந்த வளவாகவும் எழுந்து நின்ற நாளில், அவற்றை விலைபேசிக் கழற்றிச் செல்வதையே ஜீவனமாகக் கொண்ட தொழிலொன்று அதே மண்ணில் தோன்றும் என்று செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் எவரும் எண்ணியிருக்க நியாயமில்லை. பர்மாவில் கடன் கொடுத்து வாங்குவது அவர்கள் தொழில்; 1930க்குப் பின் வந்த நெல் விலைவீழ்ச்சியில் அங்கிருந்த கடனாளிகளின் வயல்கள் அவர்கள் கைக்கு வந்து, 1938க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் அவர்களுடையதாயிற்று. 1942இல் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களைத் தேசிய உடைமையாக்கும் சட்டம் இயற்றியது. வீட்டைக் கட்டிய செல்வம் வந்த வழி அவ்வாறு அடைபட்டது.

வீடு மட்டும் பங்காளிகளின் பொதுச் சொத்தாக நின்றது. தலைமுறைதோறும் புள்ளிகள், அதாவது மணமான குடும்பங்கள், பெருகப் பெருக, ஓடு மாற்றுவதற்குக்கூடப் பல ஊர்களில் வாழும் பலருடைய சம்மதம் வேண்டியதாயிற்று. மழைநீர் கைமரத்தில் இறங்கிக் கறையான் ஏறியபின், செப்பனிடுவதைவிட விற்றுவிடுவது இலகுவாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இத்தொழிலின் விசேஷம், இடிப்பவர் கூலி பெறுவதில்லை என்பதே. உரியவருக்கு அவரே பணம் தருகிறார். தூணைத் தட்டிப் பார்த்து, உத்தரத்தின் கனத்தையும் நிலைக்கதவின் சித்திர வேலையையும் அண்ணாந்து நோக்கி, பிரித்தால் எவ்வளவு தேறும், எவ்வளவு பாழாகும் என்று மனத்திலேயே கணக்கிடும் கண்தான் அவருடைய மூலதனம். கட்டிய வரிசைக்கு நேர்மாறாகப் பிரிப்பதே முறை: முதலில் நாட்டு ஓடு, பின்பு சட்டம், கைமரம், உத்தரம், போதிகை, இறுதியில் தூண். உத்தரத்துக்கு முட்டுக் கொடாமல் தூணை அசைத்தவன் மரத்தையும் இழப்பான், ஆளையும் இழப்பான். மரம் மீளும், முட்டையின் வெண்கரு சேர்த்து இழைத்துக் கண்ணாடிபோல் மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சோ கடப்பாரையின் முதல் அடியிலேயே தூளாகும். தச்சனின் வேலைக்கு மறுபிறவி உண்டு, கொத்தனின் வேலைக்கு இல்லை என்ற இந்த அநீதி என் நெஞ்சை இன்றும் வருத்துகிறது.

ஆதலால் அதிக விலை சொன்னவரிடமே வீட்டை ஒப்படைப்பது விவேகமன்று. மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, செங்கல் இடிபாட்டை மலைபோல் விட்டுச் செல்பவர் எவர், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரைக் காத்து மனையைச் சுத்தமாக்கித் தருபவர் எவர் என்பதை, அவர் முன்பு பிரித்த மனைக்கு அண்டை வீட்டாரைக் கேட்டு அறியலாம். சாமி அறையின் நிலை முதலாகக் குடும்பம் தனக்கென வைத்துக்கொள்ளும் பொருள்களை முன்பணம் வாங்குமுன்பே பத்திரத்தில் எழுதிவிடுவது அவசியம்.

அவ்வாறு பிரிந்த தூண்களும் கதவுகளும் பீங்கான் சாமான்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் குவிந்து, உணவுவிடுதிகளுக்கும் தூரதேச மாளிகைகளுக்கும் அலங்காரமாகப் போகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்திலோ, பிரித்துக் கொணர்ந்த பாகங்களைக் கொண்டு செட்டிநாட்டு வீடொன்று மீண்டும் வீடாகவே எழுந்தது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றது 2014இல்தான்; அதற்குள் எத்தனையோ வளவுகள் வெறும் மனையாகிவிட்டிருந்தன.