கிணற்றை மூடினால் போதுமா?

சட்டப் புத்தகத்தைக் கதைப் புத்தகம்போல் யாரும் ஆசையோடு விரிப்பதில்லை. கதாநாயகி கிடையாது, காதல் கிடையாது, "மேற்படி", "மேலே கண்ட" என்று நடையெல்லாம் கல்லும் முள்ளுமாக இருக்கும். ஆனாலும் 1939-ஆம் வருஷத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள் என்று கதை படிக்கிற நண்பர்களுக்கு நான் சிபாரிசு செய்வதுண்டு. அதற்குள் ஒரு மனிதர் தெரிகிறார்.

அவர்தான் டாக்டர் தி. சே. சௌ. ராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர். இங்கிலாந்து சென்று படித்து வந்து, திருச்சியில் வைத்தியம் பார்த்தவர். 1930-இல் ராஜாஜியும் தொண்டர்களும் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டது இவருடைய வீட்டிலிருந்துதான். 1937-இல் ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது சுகாதார இலாகா இவர் கைக்கு வந்தது. வோட்டு வாங்கி வராமல் மேல்சபைக்கு நியமனம் பெற்று வந்தவர் மந்திரியாகலாமா என்று அப்போதே கண்டனம் எழுந்தது. கண்டனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், வந்த மனிதர் நாற்காலியைச் சும்மா தேய்க்கவில்லை.

அந்தக் காலத்தில் வாந்திபேதி என்றால் ஊர் நடுங்கும். அது தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்பதை லண்டனில் ஜான் ஸ்நோ 1854-லேயே எடுத்துக் காட்டிவிட்டார். 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கே வந்து, குளத்து நீரில் அந்தக் கிருமியைக் கண்டார். சாஸ்திரம் கண்டுபிடித்தாயிற்று, குளத்தில் மொள்ளுகிறவளுக்கு என்ன பிரயோசனம்? அவளுக்கு வேறு தண்ணீர் வேண்டுமே!

சட்டத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கெட்டுப்போன நீரைக் குடிக்கக் கூடாது என்று தடுக்கச் சுகாதார அதிகாரிக்கு அது அதிகாரம் கொடுத்தது. தொற்றுநோய் கண்டால் வைத்தியர் தகவல் சொல்லியாக வேண்டும் என்றது. தேர், திருவிழாக் கூட்டங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்தது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய ஸ்ரீரங்கத்துக்காரரின் இலாகாவில் பிறந்த சட்டத்தில் அப்படி ஓர் அத்தியாயம் இல்லாமலிருந்தால்தான் ஆச்சரியம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது வெறும் போலீஸ் சட்டம். கிணற்றை மூடு என்று உத்தரவு போட ஒரு துண்டுக் காகிதம் போதும். மறுநாள் காலையில் குடத்தோடு நிற்கிறவள் எங்கே போவாள்? ஆகையால், ஜனங்களுக்குப் போதுமான குடிநீர் ஏற்பாடு செய்வது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை என்றும் எழுதி வைத்தார்கள். கடமைக்குப் பணம்? அதையும் விடவில்லை. சர்க்கார் மானியம் நீங்கலான வருமானத்தில் முனிசிபாலிடிகள் நூற்றுக்கு 30-க்குக் குறையாமலும், ஜில்லா போர்டுகள் நூற்றுக்கு 12½-க்குக் குறையாமலும் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று விதித்தார்கள். இந்தியாவில் இவ்வளவு விரிவான பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்குமுன் எந்த மாகாணத்திலும் வந்ததில்லை.

நோயாளிக்கு மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, "மருந்து வாங்கக் காசு இருக்கிறதா?" என்றும் கேட்கிற டாக்டர்கள் சிலர் உண்டு. அந்த ஜாதிச் சட்டம் இது.

சட்டம் வந்த வருஷமே, யுத்தப் பிரச்னையில் அக்டோபர் மாதம் மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. சட்டத்தை நடத்திக் காட்ட டாக்டருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. 1953-இல் அவர் காலமானார். சட்டம் மட்டும் சாகவில்லை. 2020-இல் கொரோனா வந்தபோது தமிழ்நாட்டுச் சர்க்கார் இதே சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. முகக்கவசம் போடாதவர்களுக்கு அபராதம் விதிக்கத் திருத்தமும் கொண்டுவந்தது.

கொள்ளைநோய்க் காலத்தில் அபராதம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆபத்து வந்தால் சர்க்காருக்குத் தன் அதிகாரம் உடனே ஞாபகம் வந்துவிடுகிறது. அதே புத்தகத்தில், அதற்குச் சில பக்கங்கள் தள்ளி, குடிநீர் கொடுக்கும் கடமையும் இருக்கிறது. கோடையில் தெருவில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை யாராவது உரக்கப் படிக்க மாட்டார்களா என்று எனக்குத் தோன்றுகிறது.