பிரியாமை தனிமையான வரலாறு

சொற்களுக்கும் வாழ்க்கை வரலாறு உண்டு. பிறந்த பொருளிலேயே நிலைத்து நிற்பன சில. அதற்கு நேர்மாறான பொருளில் முதிர்வன சில. தனிமனிதனைக் குறிக்கும் 'இண்டிவிஜுவல்' என்னும் ஆங்கிலச் சொல் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

இதன் வேர் இலத்தீன். 'டிவிடெரெ' என்பது பகுத்தல். அதன்முன் நிற்கும் 'இன்' எதிர்மறை. எனவே, பகுக்க இயலாதது என்பதே முதற்பொருள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் டெமாக்ரிட்டஸ், பொருள்களின் அடிப்படை வெட்டவியலாத நுண்துகளே எனக் கொண்டு அதனை 'அட்டோமோஸ்' என்றார். கி.மு. முதல் நூற்றாண்டில் சிசரோ அதனை இலத்தீனில் பெயர்க்கக் கையாண்டது இச்சொல்லையே. ஆதலின் அணுவும் தனிமனிதனும் ஆங்கிலத்தில் பொருளால் உடன்பிறப்புகள்.

6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயத்தியஸ், கிரேக்க அளவை நூலொன்றை இலத்தீனாக்குகையில் இதற்கு மற்றொரு பணியும் தந்தார். உயிர், மனிதன், சாக்ரடீஸ் என வகைப்படுத்திக்கொண்டே சென்றால், இறுதியில் நிற்கும் சாக்ரடீசை மேலும் வகுக்க இயலாது. அந்தக் கடைசி அலகே 'இண்டிவிடுவும்'. தனிமைப் பொருளுக்கு வித்து ஊன்றப்பட்டது இங்கேதான்.

எனினும் பழம்பொருள் உடனே மறையவில்லை. கிறித்தவ சமயத்தார், பிரிக்கவொண்ணாத மூவொரு கடவுளை இச்சொல்லாலேயே போற்றினர். 1667இல் வெளிவந்த 'இழந்த சொர்க்கம்' காப்பியத்தில் ஆதாம் ஏவாளை நோக்கிக் கூறுமிடத்தில், மில்டன் இச்சொல்லைப் பிரியாத் துணை என்னும் பொருளில் ஆண்டார். அதே நூற்றாண்டில் தனி ஆளைச் சுட்டும் வழக்கும் வேரூன்றலாயிற்று. 1783ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை, பிரியாத மூவொருமையின் பெயரால் தொடங்கி, அமெரிக்காவைப் பிரிட்டனிடமிருந்து பிரித்தது. அங்கே பிரியாமையைச் சொல்ல நின்றது 'அன்டிவைடட்' என்னும் வேறு சொல். 1840இல் தொக்குவில்லின் நூலை ஆங்கிலப்படுத்திய ஹென்றி ரீவ், 'இண்டிவிஜுவலிசம்' என்பதற்கு ஈடான ஆங்கிலச் சொல் இல்லையெனப் பிரெஞ்சுச் சொல்லையே ஏற்றார். பிரியாமையில் பிறந்த சொல், சமூகத்தினின்று ஒதுங்கும் போக்குக்குப் பெயராயிற்று.

1897இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்ததும் அணுவின் பகாமை பொய்த்தது. பெயர் மட்டும் மாறவில்லை. மனிதனைச் சுட்டும் சொல்லிலும் பழைய பெயரே நிற்கிறது, பொருள்தான் புரண்டது.

நாம் இதனைத் 'தனிமனிதன்' எனப் பெயர்க்கிறோம். அது பிழையன்று, சொல்லின் பிற்பாதி வாழ்க்கைக்கு அதுவே பொருத்தம். முற்பாதியோ பெயர்ப்பில் ஏறவில்லை. கவிதையில் 'நான்' என எழுதுவோர் அந்த முற்பாதியையும் அறிதல் நன்று: தனித்து நிற்பவனுக்கு அமைந்த பெயர், ஒருகாலத்தில் பிரியாத் துணைக்கு உரியதாயிருந்தது.