பெயர் தாங்கிய கல்லறைகளும் பெயரற்ற புதைகுழிகளும்: சயாம் – பர்மா இரயில்பாதையில் தன்னார்வ நினைவுக்காப்பு

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப்போரின்போது சப்பானியப் படை அமைத்த சயாம் – பர்மா இரயில்பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகளும் ஆசியத் தொழிலாளர்களும் பெருந்தொகையில் மாண்டனர். போர்க்கைதிகளுள் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களுக்கு அவை இல்லை. இவ்வேறுபாடு எவ்வாறு உருவாயிற்று என்பதையும், இரு தரப்பாரின் நினைவையும் காப்பதில் தன்னார்வலர் ஆற்றிய பணி எத்தன்மையது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கல்லறைக் காப்புக்கு அடிப்படை கல் அன்று, பெயர்ப்பதிவே என்பதும், தமிழ்த் தொழிலாளர் நினைவைப் பொறுத்தவரை இனி ஆற்றவேண்டிய முதற்பணி பெயர்த்தொகுப்பே என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: போர்க் கல்லறை, சயாம் மரண இரயில், மலாயாத் தமிழர், நடுகல், தன்னார்வலர், பெயர்ப்பதிவு.

முன்னுரை

போரில் இறந்தோருக்குக் கல் எடுத்தல் தமிழர்க்குப் புதியதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கிறது. கல்லைத் தேர்வது முதல் நட்டு வாழ்த்துவது வரை ஒவ்வொரு படிநிலையையும் ஊரும் உறவும் கூடிச் செய்தன. நினைவைக் காக்கும் பொறுப்பு இறந்தவனைச் சார்ந்த சமூகத்திடமே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இப்பொறுப்பு பெரிதும் அரசுகளின் கைக்கு மாறியது. பிரித்தானியப் பேரரசு 1917 மே 21 அன்று அரச பட்டயத்தின் வழிப் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையத்தை நிறுவியது. 1960இல் அது பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் எனப் பெயர் பெற்றது. ஒவ்வொருவரின் பெயரும் நிலையாகப் பொறிக்கப்படல் வேண்டும், பதவி, இனம், சமயம் ஆகியவற்றால் வேறுபாடு காட்டுதல் ஆகாது என்பன அதன் கொள்கைகள். கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையே இடைவெளி இருந்ததை அவ்வாணையமே அமைத்த சிறப்புக் குழு 2021இல் ஒப்புக்கொண்டது. முதல் உலகப்போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்கள், தொழிற்படையினர் ஆகியோருள் 45,000 முதல் 54,000 வரையிலானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அக்குழு மதிப்பிட்டது.

படையில் பதிவு பெற்றோருக்கே இந்நிலை எனில், படையினர் அல்லாத நிலையில் போர்ப்பணியில் மாண்டோரின் நிலை யாது என்னும் வினா எழுகிறது. அவ்வினாவை ஆராய்வதற்குச் சயாம் – பர்மா இரயில்பாதை தக்க களமாகும்.

பாதையும் இறப்பும்

மலாக்கா நீரிணை வழியான கடற்போக்குவரத்து தாக்குதலுக்கு உள்ளானமையால், பர்மாவிலிருந்த தன் படைக்குத் தரைவழியே பொருள் அனுப்பச் சப்பான் இப்பாதையை 1942இல் தொடங்கியது. தாய்லாந்தின் நாங் பிளாடுக் முதல் பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கி.மீ. நீளம் கொண்ட இப்பாதையின் பணி இரு முனைகளிலிருந்தும் நடைபெற்று, 1943 அக்டோபர் 17 அன்று இணைக்கப்பட்டது. பிரித்தானிய, ஆத்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் இதில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 13,000 பேர் இறந்தனர். பர்மியர், தமிழர், மலாய்க்காரர், சாவகர், சீனர் முதலிய ஆசியத் தொழிலாளர்களுள் இறந்தோர் 80,000 முதல் 1,00,000 வரை என மதிப்பிடப்படுகிறது.

மலாயாத் தமிழர்களுள் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்றவர்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் அருகிய நிலையில், கூலியும் உணவும் தருவதாகச் சொல்லி ஆள் திரட்டப்பட்டது. போதிய ஆள் சேராதபோது கட்டாயமாகப் பிடித்துச் சென்றனர். சிலர் குடும்பத்துடனேயே சென்றனர். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது தொழிலாளர் முகாம்களே மிகுதியும் அழிந்தன. அவர்களுக்கெனப் படைமருத்துவர் இல்லை. முகாம் ஒழுங்கைப் பேணும் அதிகாரிகளும் இல்லை. பின்னரே சிங்கப்பூரிலிருந்து கே படை, எல் படை எனப்பட்ட போர்க்கைதி மருத்துவக் குழுக்கள் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டன.

1945ஆம் ஆண்டின் தேடற்குழு

போர்க்கைதிகளின் கல்லறைகள் இன்று நிலைத்திருப்பதற்கு அவர்களின் தோழர்கள் செய்த இருவகைப் பணிகளே காரணமாகும். முதலாவது பதிவு. ஒவ்வொரு முகாமிலும் அதிகாரிகள் இறந்தவரின் பெயர், படைப்பிரிவு, நாள், புதைத்த இடம் ஆகியவற்றைக் குறித்துவைத்தனர். காவலர் கண்ணில் படாமல் இப்பதிவுகளைப் புட்டிகளில் இட்டு மண்ணில் புதைத்துக் காத்தவர்களும் உண்டு.

இரண்டாவது தேடல். 1945 செப்டம்பரில் போர் முடிந்ததும், விடுதலை பெற்ற கைதிகளுள் சிலர் தாயகம் திரும்புவதைத் தள்ளிவைத்து, கல்லறைத் தேடற்குழுவில் தாமாகவே சேர்ந்தனர். மறைத்துவைத்த பதிவுகளின் துணையுடன் பாதை நெடுகப் பயணம் செய்த அக்குழு 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டறிந்தது. கண்டறிய இயலாதவை 52 மட்டுமே. சப்பானியப் படையின் மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகாசே தகாஷி இக்குழுவுக்கும் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அப்பயணத்தில் கண்டவற்றால் மனம் மாறிய அவர் பின்னாளில் தாய்லாந்துக்குப் பலமுறை சென்று, 1986இல் குவாய் ஆற்றுப் பாலத்தருகே அமைதிக் கோயில் ஒன்றை நிறுவினார்.

அமெரிக்கர்களின் உடல்கள் தாயகம் கொண்டுசெல்லப்பட்டன. ஏனையோரின் எச்சங்கள் காஞ்சனபுரி, சோங்காய், தன்பியூசாயத் ஆகிய மூன்று இடுகாடுகளில் ஒருங்கு சேர்க்கப்பட்டு ஆணையத்தின் பொறுப்பில் வந்தன. இங்குத் தன்னார்வப் பணியும் நிறுவனப் பணியும் ஒன்றையொன்று தொடர்ந்தன. தன்னார்வலர் கண்டறிந்ததை நிறுவனம் நிலைபெறச் செய்தது.

பிற்காலத்திலும் இவ்வரிசை தொடர்ந்தது. காடு மூடிக்கிடந்த ஹெல்ஃபயர் கணவாயை 1984இல் முன்னாள் கைதியான டாம் மோரிஸ் தேடிக் கண்டு, அதனைக் காக்க வேண்டுமென ஆத்திரேலிய அரசை வலியுறுத்தினார். 1998இல் அங்கு நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆத்திரேலியரான ராட் பீட்டி பல்லாண்டுகள் பாதையை நடந்தே அளந்து வரைபடமாக்கி, 2003இல் காஞ்சனபுரி இடுகாட்டின் அருகே ஆய்வு மையம் ஒன்றை அமைத்தார்.

கல்லறை இல்லாதவிடத்தும் பெயர் நிற்றல்

தமிழ்த் தொழிலாளர்களுக்கு நினைவிடம் இல்லாமைக்கு அவர்களின் கல்லறைகள் கிடைக்காமையே காரணம் என்று கருதத் தோன்றும். இக்கருத்து ஆய்வில் நிற்பதில்லை. ஆணையத்தின் நடைமுறையிலேயே இதற்கு மாறான சான்றுகள் உள்ளன.

சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப்போரில் இறந்தோர் 850 பேருக்கு மேல் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவ்வளாகத்திலேயே 1914 – 1918 போர் நினைவகமும் உள்ளது. இந்தியாவின் பல ஊர்களில் புதைக்கப்பட்டு, நிலையாகக் காக்க இயலாத கல்லறைகளையுடைய 1,000 பேருக்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. காஞ்சனபுரி இடுகாட்டிலும், தாய்லாந்தின் முசுலிம் அடக்கத்தலங்களில் புதைக்கப்பட்டு, கல்லறை பேண இயலாதுபோன இந்தியப் படையினர் 11 பேரின் பெயர்கள் தனியே குறிக்கப்பட்டுள்ளன. ஆக, கல்லறை இல்லாதபோதும் பெயர் இருப்பின் நினைவகம் எழும். கல்லறை இருந்தும் பெயர் அழிந்தால் அக்கல்லறையும் நாளடைவில் வெறும் கல்லாகிவிடும்.

1976இல் தொடங்கப்பெற்ற தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரித்தானியச் சங்கம் என்னும் தன்னார்வ அமைப்பும் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு இயங்கிவருகிறது. எல்லாக் கல்லறைகளையும் பழுதுபார்ப்பது இயலாது. ஆகவே அவற்றின் பொறிப்புகளைப் படியெடுத்துத் தொகுத்து ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பதை அது முதன்மைப் பணியாகக் கொண்டது.

தமிழ்த் தொழிலாளர்களுக்கு நேர்ந்த இழப்பு இவ்விடத்தில்தான் உள்ளது. அவர்களுக்குப் படைப்பிரிவு இல்லை. பெயரைக் குறித்துவைக்கும் அதிகாரி இல்லை. நோய் மிகுந்த நாள்களில் உடல்கள் மொத்தமாகப் புதைக்கவோ எரிக்கவோ பட்டன. போர் முடிந்தபின் அவர்களுக்கெனத் தேடற்குழு எதுவும் புறப்படவில்லை. குடிமக்களாகிய அவர்கள் ஆணையத்தின் பொறுப்பெல்லைக்கும் புறத்தே நின்றனர்.

தமிழர் நினைவும் தன்னார்வலரும்

இறந்த தொழிலாளர்களுக்கு நினைவிடம் அறவே இல்லை என்று கூறுதலும் பொருந்தாது. 1944இல் சப்பானியப் படையே பாலத்தருகே நினைவுத்தூண் ஒன்றை எழுப்பியது. காஞ்சனபுரி தாவோன் வராராம் விகாரையில் ஆசியத் தொழிலாளரின் எச்சங்களைக் கொண்ட தூபி உள்ளது. 1990இல் அந்நகரின் கரும்பு வயல் ஒன்றில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டபோது, அவை ஆசியத் தொழிலாளருடையவை எனக் கருதப்பட்டன. இவை அனைத்தும் தொகையாக நினைக்கும் சின்னங்கள். இன்னார் இங்கு இறந்தார் எனத் தனிமனிதரைச் சுட்டுவன அல்ல.

மலேசியத் தமிழர்களிடையே இந்நினைவை முதலில் காத்தவை வாய்மொழியும் இலக்கியமுமே. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005) ஆகிய புதினங்கள் இதற்குச் சான்று. அண்மைக் காலத்தில் மரண ரயில் ஆர்வலர் குழு போன்ற தன்னார்வ அமைப்புகள் உயிர் பிழைத்தோரின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்தும், களப்பயணங்களையும் நினைவு நிகழ்வுகளையும் நடத்தியும் வருகின்றன. 2023இல் காஞ்சனபுரியில் இத்தமிழர்களின் நினைவாக நடுகல் ஒன்று நாட்டப்பெற்றது.

போரிட்டு மாண்ட வீரருக்குரிய நடுகல்லை உழைத்து மாண்ட தொழிலாளருக்கு நாட்டுதல் பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். நடுகல் மரபு ஆகோள் பூசலில் பட்ட வீரரோடு நின்றுவிடவில்லை. புலியோடு பொருது இறந்தோர்க்கும் கற்கள் உண்டு. அரசலாபுரத்தில் போர்க்கோழிக்கே கல் எடுக்கப்பட்டது. செங்கம் வட்டார எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல், தலைவனோடு நின்ற நாயையும் கோவிவன் எனப் பெயர் சுட்டிப் பதிவு செய்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரையும் மறவாது பொறித்த மரபில் வந்தோர், எண்பது ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஆயிரக்கணக்கானோரின் பெயர்களை அறியாதுள்ளனர். ஆதலின் நடுகல் பொருந்துமா என்பதனினும், அதில் யார் பெயரைப் பொறிப்பது என்பதே விடை காணப்பட வேண்டிய வினாவாகும்.

இனி ஆற்றற்குரியன

இவ்வினாவுக்கு விடை காணும் பணி மூன்று வகைப்படும். முதலாவது, தோட்டங்களிலிருந்து தொடங்குதல். இறந்த இடத்தில் பதிவு இல்லையாயினும் புறப்பட்ட இடத்தில் அவர்கள் பெயரோடு வாழ்ந்தனர். தோட்டத்துச் செக்ரோல் ஏடுகள், கங்காணிகளின் ஆள்கணக்குகள், தோட்டப்பள்ளி, கோயில் வரவுசெலவு ஏடுகள், பிறப்பு இறப்புப் பதிவேடுகள் ஆகியவை தேடத்தக்க மூலங்கள். போருக்கு முன் பெயர் இருந்து, போருக்குப்பின் இல்லாதோரை ஒப்பிட்டு அறிதல் கூடும்.

இரண்டாவது, குடும்ப நினைவைப் பதிதல். சயாமுக்குச் சென்று திரும்பாத பாட்டனைப் பற்றிய செய்தி இன்று மூன்றாம் தலைமுறையிடம் உள்ளது. கண்டோர் ஏறத்தாழ மறைந்துவிட்ட நிலையில், கேட்டோர் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். சொன்னவர், தோட்டம், ஆண்டு, உறவு ஆகியவற்றைக் குறியாது தொகுக்கப்படும் வாய்மொழி பின்னாளில் சான்றாகப் பயன்படாது.

மூன்றாவது, போர்க்கைதி மருத்துவர்களின் குறிப்புகள் போன்ற பிறமொழிச் சான்றுகளைத் தமிழ்த் தொழிலாளர் நோக்கில் மீண்டும் படித்தல். முகாம்களின் அமைவிடத்தையும் நோயின் போக்கையும் இவற்றால் உறுதிப்படுத்தலாம்.

இப்பணியில் தன்னார்வலர் கைக்கொள்ள வேண்டிய வரையறைகளும் உண்டு. கண்டெடுக்கப்படும் எலும்புகள் தமிழருடையவை மட்டுமே என உரிமை கோருதல் தகாது. அப்பாதையில் பர்மியரும் சாவகரும் பிறரும் உடன் மாண்டனர். உறுதிப்படாத எண்ணிக்கைகளைப் பெருக்கி எழுதுதல் நினைவுக்கு வலுச் சேர்க்காது, ஐயத்துக்கே இடந்தரும். பதிவு செய்யாமல் எச்சங்களை இடம் மாற்றுதல் எஞ்சிய சான்றையும் அழித்துவிடும்.

முடிவுரை

சயாம் – பர்மா இரயில்பாதையில் போர்க்கைதிகளின் கல்லறைகள் நிலைபெற்றமைக்கு, இறந்தோரின் பெயர்களை உடனிருந்தோர் காத்தமையும், தன்னார்வலர் தேடியமையும், நிறுவனம் பொறுப்பேற்றமையும் முறையே காரணங்களாயின. தமிழ்த் தொழிலாளரைப் பொறுத்தவரை முதற்கண்ணியாகிய பெயர்ப்பதிவே அற்றுப்போனதால் ஏனைய இரண்டும் நிகழவில்லை. கல்லறை இல்லாதோர்க்கும் பெயரால் நினைவகம் எழுப்பலாம் என்பதற்கு நந்தம்பாக்கமும் காஞ்சனபுரியும் சான்றுகளாக உள்ளன. தன்னார்வலர் திரட்டும் பெயர்களைச் சரிபார்த்து, தக்க மூலங்களோடு இணைத்து, ஒரே பட்டியலாக நிலைபெறச் செய்யும் பொறுப்பை மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் உள்ள பல்கலைக்கழகத் தமிழ், வரலாற்றுத் துறைகள் ஏற்றல் வேண்டும். நடுகல் நடும் மரபில் பெயர் எழுதுதல் இன்றியமையாதது. காஞ்சனபுரியில் கல் நடப்பட்டுவிட்டது, பெயர்களை எழுதும் பணியே எஞ்சியுள்ளது.