துன்பக் கடலின் குரல்கள்: மினமாட்டா நாவலும் வரலாற்றுச் சான்றும்

நாவலை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்னும் வினா புதியதன்று. ஆயினும், யப்பானிய எழுத்தாளர் இஷிமுரே மிச்சிக்கோ 1969 இல் வெளியிட்ட ‘குகாய் ஜோதோ’ அவ்வினாவை எழுப்பும் அளவுக்குக் கூர்மையாக எழுப்பிய நூல்கள் மிகச் சிலவே. ‘குகாய்’ என்பது துன்பக் கடல். ‘ஜோதோ’ என்பது பௌத்தர் கூறும் தூய நிலம். கியூஷூத் தீவின் மேற்குக் கரையிலே, ஷிரனுயிக் கடலை நோக்கி அமைந்துள்ள மினமாட்டா என்னும் சிறு நகரமே நூலின் களம். அங்குள்ள இரசாயனத் தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசக் கழிவினால் நோயுற்ற மீனவரும் அவர்தம் குடும்பத்தாருமே அதன் மாந்தர்.

நூலை விளங்கிக்கொள்வதற்கு நகரை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். பின்னாளிற் ‘சிஸ்ஸோ’ எனப் பெயர்பெற்ற நிறுவனத்தின் தொழிற்சாலை 1908 இல் அங்கு அமைக்கப்பட்டது. நகரத்தார் அதனைக் ‘கம்பனி’ என்றே வழங்கினர். அங்கு வேலைக்குச் செல்பவன் ‘கம்பனிக்குப் போகிறவன்’. அது ஒரு தகுதிப் பெயர். 1932 முதல் அங்கு அசற்றல்டிகைட்டு உற்பத்தி செய்யப்பட்டது. அதற்கு ஊக்கியாகப் பயன்பட்ட பாதரசத்தின் ஒரு பகுதி மீதைல் பாதரசமாக மாறிக் கழிவுநீரோடு குடாவிற் சேர்ந்தது. அங்கிருந்து மீனிலும் சிப்பியிலும் செறிந்து, அவற்றை நாள்தோறும் உண்டவரின் மூளையைத் தாக்கியது. இந்த உற்பத்தி முறையை உருவாக்கிய பொறியியலாளர் ஹஷிமோட்டோ ஹிக்கோஷிச்சியே பின்னர் தொழிற்சாலையின் முகாமையாளராகி, 1950 முதல் 1958 வரையும், மீண்டும் 1962 முதல் 1970 வரையும் நகரத்தின் மேயராக விளங்கினார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மினமாட்டாவில் ஆலையும் ஆட்சியும் எத்துணை நெருங்கி நின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முதலிற் பூனைகள் வலிப்புற்றுச் செத்தன. 1956 மே 1 ஆந் திகதி, கம்பனி வைத்தியசாலையின் பொறுப்பாளர் ஹொசோக்காவா ஹஜிமே, காரணம் அறியப்படாத மூளைநோய் ஒன்று பரவுவதாகச் சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். கைகால் மரத்தல், பார்வைப் புலம் ஒடுங்கல், நாக்குழறல், நடை தள்ளாடல் ஆகியன நோயின் குறிகள். தொற்றுநோய் என அஞ்சி அயலார் நோயாளர் வீடுகளை ஒதுக்கினர். 1959 யூலையில் குமமோட்டோப் பல்கலைக்கழக ஆய்வாளர், சேதனப் பாதரசமே காரணம் என்றனர். அவ்வாண்டு ஒக்டோபரில், அசற்றல்டிகைட்டுப் பகுதியின் கழிவுநீர் கலந்த உணவை ஹொசோக்காவா ஊட்டிவந்த 400 ஆம் இலக்கப் பூனையும் அதே நோயுற்றது. கம்பனி அம்முடிவை மறைத்தது.

நவெம்பரில் மீனவர் தொழிற்சாலைக்குட் புகுந்தனர். சில நாட்களுக்குள் மேயர், வர்த்தக சங்கத்தினர், தொழிற்சங்கத்தினர் ஆகியோர் ஒன்றாகச் சென்று, கழிவுநீரை நிறுத்த வேண்டாமென மாகாண ஆளுநரை வேண்டிக்கொண்டனர். முதலாளியும் தொழிலாளியும் ஒரே பக்கத்தில் நின்ற இக்காட்சி, வர்க்க முரண்பாட்டினை வாய்பாடாக மட்டும் கற்றவருக்குச் சற்றுச் சங்கடமானதே. ஆண்டிறுதியில் நோயாளருடன் ‘அனுதாபப் பண’ ஒப்பந்தம் எழுதப்பட்டது. இறந்தவருக்கு 300,000 யென்; உயிரோடிருக்கும் வளர்ந்தவருக்கு ஆண்டுக்கு 100,000; சிறுவருக்கு 30,000. கழிவுநீரே காரணம் எனப் பின்னர் தெரியவரினும் மேலதிக நட்டஈடு கோரலாகாது என்ற நிபந்தனையும் அதிற் சேர்க்கப்பட்டிருந்தது. தன் பூனை எதனால் நோயுற்றது என்பதை அறிந்திருந்த கம்பனி வகுத்த நிபந்தனை அது.

இஷிமுரே 1927 இல் அமக்குசாவிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே மினமாட்டாவுக்குக் கொண்டுவரப்பட்டவர், வறிய இல்லத்தரசி. அவர் தமது நூலில் மருத்துவ அறிக்கைகளையும் ஒப்பந்தத்தையும் பொதுமொழியில் உள்ளவாறே தந்து, அவற்றின் அருகே நோயாளரைப் பிரதேச வழக்கிற் பேசவிடுகிறார். யூகி என்னும் மீனவப் பெண், கணவனோடு படகு வலித்த நாட்களையும், சாடியிலிருந்து இழுத்தெடுக்கும் கணவாயின் குறும்பையும் வைத்தியசாலைக் கட்டிலிலிருந்து நினைவுகூர்கிறாள். தாயின் கருவிலேயே நஞ்சுண்டு பிறந்த மொக்குதாரோ என்னும் சிறுவனுக்குப் பேச்சில்லை. அவனுக்காக அவன் பாட்டன் பேசுகிறான். கடல்நீரிற் சோறாக்கி, அப்போது பிடித்த மீனை அரிந்து, படகிலிருந்தே உண்ணும் உணவைவிட மேலான வாழ்வு எந்தச் சீமானுக்கு உண்டு என்பது அக்கிழவனின் கேள்வி. வைத்தியப் பரிசோதனைக்கு ஏற்றிச்செல்லும் பேருந்தில் ஏற மறுத்து, தடியும் கல்லும் கொண்டு தனியே பேஸ்போல் பழகும் பார்வையற்ற இளைஞன் ஒருவனும் அங்கு உளன்.

நூல் வெளிவந்தபோது இவை யாவும் நேரிற் கேட்டு எழுதப்பட்டவை எனப் பலர் கருதினர். 1972 ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னுரையில், அவரது பதிப்பாசிரியரான வத்தனபே கியோஜி இதனை மறுத்தார். நோயாளர் வாய்விட்டுச் சொன்னவற்றையல்ல, அவர்கள் உள்ளத்துட் சொல்லிக்கொண்டிருந்ததாகத் தாம் உணர்ந்தவற்றையே இஷிமுரே எழுதினார் என்பது அவர் விளக்கம். அங்ஙனமாயின் யூகியின் பேச்சு சான்றாகுமா? அவள் இன்ன நாளில் இன்னது சொன்னாள் என்பதற்கு ஆகாது. ஆனால் ஒப்பந்தம் விலையிட்ட பொருள் யாது என்பதற்கு அந்தப் பேச்சையன்றி வேறு சான்று அரிது. அறிக்கைகள் நரம்பின் சிதைவைக் கூறும். 30,000 யென் என்னும் தொகையைக் கூறும். அத்தொகைக்கு எதிரே பாட்டனின் படகுச் சோற்றை வைத்தவர் இஷிமுரே. நாத் தளர்ந்தவரின் வாக்குமூலத்தைச் சொல்லுக்குச் சொல் பதிவதே நேர்மை என்போர், குழறலை மாத்திரமே பதிவுசெய்திருப்பர்.

எனினும் நூலின் கடல் சற்று மிகையாகவே ஒளிர்கிறது. மீனவ வாழ்வின் கடனும் பசியும் அதிற் பின்தள்ளப்படுகின்றன. மகன் ‘கம்பனிக்குப் போகிறவன்’ ஆகவேண்டும் என்ற ஆசை கரையோரக் குடிகளிலும் இருந்தது. தொழிற்சாலைத் தொழிலாளரின் உள்ளத்துக்குள் நூல் அவ்வளவாகப் புகவில்லை. 1962 இல் தொடங்கிய நீண்ட வேலைநிறுத்தத்திற் கம்பனியின் மறுமுகத்தைக் கண்ட அவர்தம் சங்கம், நோயாளருக்காகப் போராடாதிருந்தமை தமக்கு வெட்கம் என 1968 ஓகஸ்டிற் பகிரங்கமாகத் தீர்மானித்தது. அம்மனமாற்றம் வேறொரு நாவலுக்கு உரிய பொருள். அதே ஆண்டு மே மாதம் அசற்றல்டிகைட்டு உற்பத்தி நின்றது. செப்தெம்பரில், உற்பத்தி நின்ற பின்னரே, கழிவுநீர்தான் காரணம் என அரசு ஏற்றுக்கொண்டது.

1973 மார்ச் 20 இல் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம், கம்பனி கவனக்குறைவுடையது எனவும், 1959 ஒப்பந்தம் பொது ஒழுக்கத்துக்கு மாறானதாகையாற் செல்லாது எனவும் தீர்த்தது. ஹொசோக்காவா 1970 இல் மரணப் படுக்கையிலிருந்து அளித்த சாட்சியம் வழக்கிற்கு வலுவூட்டியிருந்தது. அரசும் மாகாணமும் பொறுப்புடையன என்பதை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2004 இல். முப்பகுதி கொண்ட ‘குகாய் ஜோதோ’வின் இரண்டாம் பகுதி முழுமையாக நூலுருப் பெற்றதும் அவ்வாண்டிலேயே; மூன்றாம் பகுதி முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே வெளிவந்துவிட்டது. யூகி கணவாய் பிடித்த குடாவின் உட்பகுதி, பாதரசச் சேற்றோடு 1990 அளவில் 58 ஹெக்டயர் நிலமாகத் தூர்க்கப்பட்டிருந்தது.