இலங்கையில் மலேரியாப் பரவல்: எண்ணிக்கையும் ஒட்டுண்ணி வகையும்

ஒரு நிலத்து மக்களிடையே மலேரியா எத்துணை பரவியிருந்தது என்பதை அறிய இருவகை அளவைகள் உள. சிறுவர்தம் மண்ணீரல் வீக்கத்தைக் கையால் தொட்டுணர்ந்து கணக்கிடல் ஒன்று. குருதித் துளியை நுண்ணோக்கியில் ஆய்ந்து ஒட்டுண்ணியைக் காணல் மற்றொன்று. முன்னது நோய் அவ்வூரில் நிலைத்துள்ளமையைக் காட்டும்; பின்னது ஒட்டுண்ணியின் வகையைக் காட்டும். தமிழில் வழங்கும் ‘முறைக்காய்ச்சல்’ என்னும் பெயர், காய்ச்சல் விட்டுவிட்டு வருதலைச் சுட்டுமேயன்றி ஒட்டுண்ணி வகையைச் சுட்டாது. இவ்வேறுபாட்டை உளங்கொண்டு இலங்கை வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

இலங்கையின் உலர் நிலத்துக் குளக்கரை ஊர்களில் மலேரியா ஆண்டுதோறும் நிலவியது. அங்குச் சிறுவர் பலர் மண்ணீரல் வீங்கியிருந்தனர்; பிழைத்து வளர்ந்தோரோ ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஆறுகள் பெருகியோடிய தென்மேற்கு ஈரநிலத்தில் நோய் அருகியே காணப்பட்டது. 1934இல் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றித் தேங்கிய மடுக்களில் அனோபிலிசு கூலிசிபேசீசு என்னும் கொசு பெருகிற்று. முதலில் வைவாக்சு வகையும், பின்னர் உயிர்க்கிறுதி பயக்கும் பால்சிபாரம் வகையும் மிகுந்தன. 1935ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். நோய் அருகியிருந்த கேகாலைப் பகுதியே பெரிதும் அல்லலுற்றது. எண்ணிக்கைக் குறைவு அம்மக்களுக்கு அரணாகவில்லை. எதிர்ப்பாற்றல் இன்மையாகவே முடிந்தது.

இவ்வுண்மை மீண்டும் வெளிப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் தொடங்கிய டி.டி.டி. தெளிப்பால் நோய் தணிந்து, 1963இல் 17 பேரிடம் மட்டுமே காணப்பட்டது. அதன்பின் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் நோயுற்றோர் தொகை 5 இலட்சத்தைக் கடந்தது. அவருள் மிகப் பெரும்பாலோரைப் பற்றியது வைவாக்சு வகையே. அது பால்சிபாரம் போலப் பலரைக் கொல்வதன்று. எனினும் கல்லீரலில் உறங்கிக் கிடந்து திங்கள் பல கழிந்தும் மீண்டெழும் இயல்பினது. ஆதலின், நோயாளர் தொகை சிறுத்தமை கொண்டு ஒட்டுண்ணி அற்றதெனத் துணிதல் பொருந்தாது.

2012 அக்டோபருக்குப்பின் உள்நாட்டில் தோன்றிய நோய் இன்மையின், 2016 செப்டம்பரில் உலக நலவாழ்வு நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. எனினும் கொசு மறையவில்லை. ஒட்டுண்ணியும் பிறநாட்டிலிருந்து வருவோர் குருதிவழிப் புகுதல் கூடும். எண் சிறுத்த காலத்திலேயே காவல் பெருகல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் நாம் பெறும் முடிபாகும்.