பின்லாந்துமயமாதல்: ஒரு வசைச்சொல்லின் வரலாறு

பின்லாந்து மக்கள் தங்கள் நாட்டைச் சுவோமி என்பார்கள். அந்தப் பெயரிலிருந்து பிறந்த சுவோமெத்துமினென் என்ற சொல்லை மட்டும் அவர்களால் கசப்பில்லாமல் உச்சரிக்க முடிவதில்லை. தமிழில் அதைப் பின்லாந்துமயமாதல் எனலாம். வலிய அண்டை நாட்டின் மனம் கோணாதபடி ஒரு சிறிய நாடு தன் வெளியுறவை மட்டுமல்லாமல், தேர்தலையும் அமைச்சரவையையும் பத்திரிகையையும் அதற்கேற்பச் சுருக்கிக்கொள்வது என்பது அதன் பொருள். பால்கன் என்ற நிலப்பெயர் சிதறுண்டுபோவதற்குச் சொல்லானதைப் போல, பின்லாந்தின் பெயர் அடங்கிப்போவதற்குச் சொல்லாகிவிட்டது.

சொல் பிறந்தது பின்லாந்தில் அல்ல, மேற்கு ஜெர்மனியில். 1960களில் அங்கே ஒரு பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. கிழக்கு ஜெர்மனியோடும் சோவியத் ஒன்றியத்தோடும் பேச்சு நடத்தி உறவைச் சீராக்க வேண்டும் என்றார் வில்லி பிராண்ட். 1969இல் அவர் பிரதமரானதும் அதுவே அரசின் கொள்கை ஆனது. இப்படியே போனால் நாமும் பின்லாந்தைப் போல ஆகிவிடுவோம் என்று எதிர்த்தரப்பினர் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கைக்குக் கிடைத்த பெயர்தான் ‘பின்லாண்டிசீருங்’. அரசியல் அறிஞர் ரிச்சர்ட் லோவென்தாலின் பெயரோடு சேர்த்தே அதன் பிறப்பைப் பெரும்பாலும் சொல்கிறார்கள். அதை மேடைதோறும் முழக்கியவர் பவேரியத் தலைவர் ஃபிரான்ஸ் யோசெஃப் ஸ்ட்ராஸ். சொல்லுக்கும் முன்பே அந்தக் கருத்து இருந்தது. 1953இல் ஆஸ்திரியாவின் வெளியுறவு அமைச்சர் கார்ல் குரூபர், பின்லாந்தின் வழியில் நாம் போகக் கூடாது என்று தம் நாட்டை எச்சரித்திருந்தார். இவர்கள் யாருக்கும் பின்லாந்தைப் பற்றிய கவலை இல்லை. அவரவர் நாட்டைப் பற்றிய அச்சத்துக்கு அந்த வடநாட்டின் பெயரை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் சொல்லுக்குள் இருக்கும் பொருள் கற்பனை அல்ல. அதன் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படைகள் பின்லாந்துக்குள் புகுந்தன. 105 நாள் நடந்த குளிர்காலப் போரும், 1941 முதல் 1944 வரை ஜெர்மனியின் பக்கம் நின்று நடத்திய அடுத்த போரும் முடிந்தபோது, நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போயிருந்தது. 4 லட்சத்துக்கும் மேலான மக்கள் கரேலியாவிலிருந்தும் இழந்த மற்றப் பகுதிகளிலிருந்தும் வீடுவாசலை விட்டு வந்தார்கள். 30 கோடி டாலர் மதிப்புக்குக் கப்பல்களையும் இயந்திரங்களையும் போர் இழப்பீடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கடன் 1952இல்தான் தீர்ந்தது. ஹெல்சிங்கிக்கு அருகிலேயே, போர்க்கலா தீபகற்பத்தில், சோவியத் கடற்படைத் தளம் உட்கார்ந்திருந்தது. போர்க்காலக் குடியரசுத் தலைவர் ரிஸ்தோ ரூதியைச் சொந்த நாட்டு நீதிமன்றமே, மாஸ்கோவின் நெருக்குதலால் இயற்றிய முன்தேதியிட்ட சட்டத்தின்கீழ், 10 ஆண்டு சிறைக்கு அனுப்பியது.

இந்த நிலையில் நாட்டை நடத்த வந்தவர் யூஹோ குஸ்தி பாசிகிவி. பழமைவாதி, வங்கியாளர், பொதுவுடைமைக்குச் சற்றும் இணங்காதவர். பூகோளத்தை யாராலும் மாற்ற முடியாது என்பது அவர் எண்ணம். லெனின்கிராடைக் காக்க வேண்டும் என்ற ரஷ்யாவின் கவலையை ஒப்புக்கொண்டு, மற்றதையெல்லாம் காப்பாற்றிக்கொள்வது என்று அவர் முடிவெடுத்தார். 1948 ஏப்ரல் 6 அன்று நட்பு, ஒத்துழைப்பு, பரஸ்பர உதவி உடன்படிக்கை கையெழுத்தானது. ஜெர்மனியோ அதன் கூட்டாளிகளோ பின்லாந்தின் வழியாகத் தாக்கினால் பின்லாந்து எதிர்த்துப் போரிடும். தேவைப்பட்டால் சோவியத் உதவியோடு. அதற்குமுன் இரு தரப்பும் கலந்து பேசும். பெருவல்லரசுகளின் பூசலுக்கு வெளியே நிற்கப் பின்லாந்து விரும்புகிறது என்ற வாசகத்தையும் முன்னுரையில் சேர்த்தார்கள். அதே ஆண்டின் பிப்ரவரியில்தான் செக்கோஸ்லோவாக்கியா கம்யூனிஸ்டுகளின் கைக்குப் போயிருந்தது. பின்லாந்திலோ ஜூலையில் தேர்தல் நடந்தது. கம்யூனிஸ்டுகள் முன்னின்று நடத்திய மக்கள் ஜனநாயக லீக்கின் இடங்கள் 49இலிருந்து 38ஆகச் சரிந்தன. அந்தக் கட்சி ஆட்சிக்கு வெளியே போனது. பாசிகிவி செய்ததை அடங்கிப்போதல் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். தோற்ற நாடு தன் நாடாளுமன்றத்தையும் படையையும் நீதிமன்றங்களையும் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தது அரிய சாதனை.

பிசகு அதற்குப் பிறகு வந்தது. 1956இல் விவசாயிகள் கட்சியான மாலைஸ்லீத்தோவின் உர்ஹோ கெக்கொனென், தேர்வாளர் சபையில் 151க்கு 149 என்ற கணக்கில், இரண்டே வாக்கு வித்தியாசத்தில் குடியரசுத் தலைவரானார். 1982 ஜனவரி வரை அந்தப் பதவியில் இருந்தார்.

1958 தேர்தலில் மக்கள் ஜனநாயக லீக் 200இல் 50 இடங்களோடு பெரிய கட்சியாக வந்தது. மற்றக் கட்சிகள் அதை ஒதுக்கிவிட்டு, சமூக ஜனநாயகக் கட்சியின் ஃபாகர்ஹோல்ம் தலைமையில் கூட்டணி அமைத்தன. அந்தக் கட்சிக்கு அப்போது தலைவர் வைனோ தன்னர். போர்க்கால அமைச்சராக இருந்ததற்காகச் சிறை சென்றவர் அவர். மாஸ்கோவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. சோவியத் தூதர் ஊருக்குப் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. வணிகப் பேச்சுகள் நின்றன. கெக்கொனென் அமைச்சரவைக்குக் கை கொடுக்கவில்லை. டிசம்பரில் அவருடைய கட்சிக்காரர்கள் விலக, அமைச்சரவை கவிழ்ந்தது. அடுத்த மாதம் லெனின்கிராடில் கெக்கொனெனைச் சந்தித்த சோவியத் தலைவர் குருஷேவ், இரு நாட்டு உறவில் இரவு உறைபனி விழுந்ததாகச் சொன்னார். கோடைகாலத்து ஓரிரவில் விழுந்து உருளைக்கிழங்குச் செடியையும் தானியக் கதிரையும் கருக்கிவிடும் பனி அது. வடநாட்டு உழவருக்கு அதைவிட அச்சந்தரும் சொல் கிடையாது. வரலாற்று நூல்களில் அந்த நெருக்கடிக்கே ‘இரவு உறைபனிகள்’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

1961இல் இன்னும் பெரிய நெருக்கடி வந்தது. கெக்கொனெனைத் தோற்கடிக்கச் சமூக ஜனநாயகக் கட்சியும் பழமைவாதக் கட்சியான கொகோமுஸும் பிறரும் சேர்ந்து ஓலவி ஹோங்கா என்ற சட்ட அதிகாரியை நிறுத்தின. அக்டோபர் 30 அன்று, 1948 உடன்படிக்கையின்படி ராணுவ ஆலோசனை தொடங்க வேண்டும் என்று சோவியத் அரசு எழுத்துமூலம் கேட்டது. அமெரிக்கப் பயணத்தின் கடைசிக் கட்டமாக ஹவாயில் இருந்த கெக்கொனென் ஊர் திரும்பினார். பிறகு சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்குக்குப் பறந்து குருஷேவோடு பேசினார். ஆலோசனைக் கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டது. ஹோங்கா போட்டியிலிருந்து விலகினார். அந்தக் கடிதத்தில் கெக்கொனெனுக்கே கை இருந்ததா என்ற வாதம் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் முடியவில்லை.

இதற்குப் பின் மாஸ்கோவின் நம்பிக்கை என்பது உள்நாட்டு அரசியலின் நாணயமாகிவிட்டது. அது யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அமைச்சர் பதவி எட்டும். இதற்கென்றே பின்லாந்தில் வேறொரு சொல்லும் உருவானது: கொத்திரூஸ்ஸா. ‘கொத்தி’ என்றால் வீடு. ‘ரூஸ்ஸா’ என்பது ரஷ்யரைக் குறிக்கும் இழிவழக்கு. வீட்டு ரஷ்யன் என்று பொருள். மேலே வர நினைத்த அரசியல்வாதி ஒவ்வொருவருக்கும் தெஹ்தான்கது தெருவிலிருந்த சோவியத் தூதரகத்தில் ஓர் ஆள் இருப்பார். பெரும்பாலும் தூதரக அதிகாரி என்ற பெயரில் வந்த உளவுத்துறைக்காரர். அவரை விருந்துக்கு அழைப்பார்கள், கோடை வீட்டுக்கு அழைப்பார்கள், சவ்னா என்ற நீராவிக் குளியலறையில் வெற்றுடம்போடு உட்கார்ந்து நாட்டு நிலவரம் பேசுவார்கள். இடதுசாரிகள் மட்டும் இதைச் செய்யவில்லை. வலதுசாரிகளும் தங்களுக்கென ஒருவரைத் தேடிக்கொண்டார்கள். தன் கட்சிக்காரனைப் பற்றி வெளிநாட்டு உளவுத்துறைக்காரனிடம் புறங்கூறுவது அன்றாட வழக்கமாகிப்போனது. இதை உடன்படிக்கையின் எந்தப் பிரிவும் கேட்கவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கெக்கொனென் மாஸ்கோவிடம் வாங்கியும் வந்தார். 1960 செப்டம்பரில் அவருடைய 60ஆவது பிறந்த நாளுக்கு வந்த குருஷேவை விடியும்வரை சவ்னாவில் வைத்துப் பேசினார். மேற்கு ஐரோப்பிய தடையற்ற வணிகச் சங்கத்தில் பின்லாந்து இணைநாடாகச் சேர்வதற்கு அதன்பின்தான் வழி பிறந்தது. கிழக்கு நோக்கி வணங்கிக்கொண்டே மேற்கில் காகிதமும் கப்பலும் விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுந்தன.

ஆயினும் விலை கூடிக்கொண்டே போனது. 1973 ஜனவரியில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றை 170க்கு 28 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றி, கெக்கொனெனின் பதவிக்காலத்தைத் தேர்தலே இல்லாமல் 4 ஆண்டு நீட்டியது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு வணிக ஒப்பந்தம் செய்ய மாஸ்கோ இசைய வேண்டுமானால் இவரே பதவியில் இருக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். ரஷ்ய எழுத்தாளர் சோல்ஷெனிட்சினின் ‘குலாக் தீவுக்கூட்டம்’ நூலைப் பின்லாந்துப் பதிப்பகம் வெளியிட மறுத்தது. அதன் பின்னிஷ் மொழிபெயர்ப்பு 1974இல் சுவீடனில் அச்சானது. அதே எழுத்தாளரின் ‘இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ கதையைத் தழுவிய படத்தைத் தணிக்கைக் குழு தடை செய்தது. அயல்நாட்டு உறவுக்குக் கேடு என்று காட்டித் தடுக்கச் சட்டத்திலேயே இடமிருந்தது. 1979 தேர்தலில் கொகோமுஸ் 47 இடங்கள் பெற்று இரண்டாம் பெரிய கட்சியானது. அப்போதும் ஆட்சியில் இடம் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் ‘பொதுவான காரணங்கள்’ என்பார்கள். அந்த இரண்டு சொல்லுக்கு மாஸ்கோ என்று பொருள் என்பது எல்லாருக்கும் தெரியும். 1966இல் எதிர்க்கட்சி வரிசைக்குப் போன அந்தக் கட்சி, 1987இல் ஹர்ரி ஹோல்கெரி பிரதமரானபோதுதான் அங்கிருந்து எழுந்தது.

இனி மறுபடி சொல்லுக்கு வருவோம். நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று பிரிக்கிறோம். திருந்துவது வேறு, திருத்துவது வேறு. பின்னிஷ் மொழியிலும் இந்தப் பிரிவு உண்டு. சுவோமெத்தா என்றால் ஆக்குவது; சுவோமெத்துவா என்றால் ஆவது. ஜெர்மன் சொல் பிறவினை வழி வந்தது. ஒருவன் இன்னொருவனை இப்படி ஆக்குகிறான் என்ற ஒலி அதில் உண்டு. பின்னிஷ் மொழியில் நிலைத்ததோ தன்வினைச் சொல். யாரும் ஆக்கவில்லை, நாமாகவே ஆனோம் என்ற ஒப்புதல் அந்தச் சொல்லுக்குள் ஒலிக்கிறது. தொடக்கத்தில் இதை அயலார் சுமத்திய பழி என்று பின்லாந்து அரசும் பத்திரிகைகளும் சினந்து தள்ளின. சோவியத் ஒன்றியம் குலைந்த 1991இலேயே வரலாற்றாசிரியர் திமோ விஹவைனென், நாட்டின் பின்லாந்துமயமாதலைப் பற்றி எழுதிய நூலுக்கு ‘குப்புறக் கிடந்த தேசம்’ என்ற பொருள்படத் தலைப்பிட்டார். வெளியிலிருந்து வந்த வசையை ஒரு சமூகம் தன்னை எடைபோடும் சொல்லாக ஏற்றுக்கொண்டது. அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

1992 ஜனவரியில் பழைய உடன்படிக்கை முடிவுக்கு வந்தது. 1995இல் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஆனால் சொல் ஓய்வு பெறவில்லை. 2014இல் அமெரிக்க ராஜதந்திரிகளான கிஸிஞ்சரும் பிரெஸின்ஸ்கியும் உக்ரைனுக்குப் பின்லாந்தை முன்மாதிரியாகக் காட்டினார்கள். 2022 பிப்ரவரியில் பிரெஞ்சு அதிபர் மக்ரோனின் பெயரோடும் அந்தச் சொல் செய்தியில் அடிபட்டது. தாம் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். ஒரு காலத்தில் ஜெர்மானியருக்கு எச்சரிக்கையாக இருந்த நோய்ப்பெயர், இப்போது உக்ரைனியருக்கு மருந்துச்சீட்டாக நீட்டப்பட்டது. சில நாட்களிலேயே ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. மே மாதம் பின்லாந்து நாடாளுமன்றம் நேட்டோவில் சேர 188க்கு 8 என்று வாக்களித்தது. 2023 ஏப்ரல் 4 அன்று, பாசிகிவி காலத்து உடன்படிக்கைக்கு 75 ஆண்டு நிறைய இரண்டு நாள் இருக்கையில், பின்லாந்து நேட்டோ உறுப்பு நாடானது.

இந்தச் சொல்லை இரண்டு வேறு செயல்களுக்கு ஒருசேரச் சூட்டுவதுதான் பிழை. 1948இல் பாசிகிவி செய்தது பிழைத்திருத்தல். 1961க்குப் பின் கட்சிக்காரர்கள் செய்தது, எதிராளியை வீழ்த்த அண்டை நாட்டின் நிழலைத் துணைக்கு அழைத்தது. முன்னதை வல்லரசு திணித்தது. பின்னதை இவர்களே விரும்பித் தேடிக்கொண்டார்கள். பின்லாந்துமயமாதல் என்ற பெயர் பின்னதற்கு மட்டுமே உரியது. இனி அந்தச் சொல்லைச் செய்தித்தாளில் காணும்போது, இரண்டில் எதைச் சொல்கிறார்கள், யாருக்காகச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.