உயரும் கூரையின் வரலாறு: அமெரிக்கப் பாப்-அப் கேம்பரும் அதன் மீட்டெடுப்பும்

மோட்டார் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லப்பட்டு, தங்குமிடம் சேர்ந்ததும் கூரை உயர்த்தப்பட்டு, இருபுறமும் படுக்கைத் தட்டுகள் வெளியே இழுக்கப்பட்டுக் கித்தான் சுவர்களுடன் சிறு வீடாக விரியும் வண்டி ‘பாப்-அப் கேம்பர்’ எனப்படுகிறது. பழைய கேம்பரைப் புதுப்பிக்க முனைவோர் அதில் காணும் பழுதுகளிற் பல, அது உருவான காலத்தில் தேர்ந்துகொள்ளப்பட்ட பொருள்களிலிருந்தும் பொறியமைப்பிலிருந்தும் பிறந்தவை என்பதால், மீட்டெடுப்புப் பணிக்கு அவ்வண்டியின் வரலாற்றறிவு இன்றியமையாததாகிறது.

1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ கார் வெளிவந்து நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியபின், அமெரிக்காவில் காரிலேயே சென்று வெட்டவெளியில் தங்கும் வழக்கம் பரவியது. 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்னும் பயணியர் சங்கம் தோன்றும் அளவுக்கு அது வலுப்பெற்றிருந்தது. அக்காலத்து இழுவைக் கூடாரங்களில் கெட்டியான கூரை இல்லை. பெட்டி போன்ற வண்டியின் மேல் கித்தானைக் கழிகளால் தூக்கிக் கட்டுவதே முறையாக இருந்தது. 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் நாடெங்கும் விரைவுச் சாலைகளை அமைக்க வழிவகுத்தபோது, குடும்பத்தோடு நெடுந்தொலைவு செல்வோர் பெருகினர். மழை தாங்கும் கூரையும் விரைவில் விரியும் அமைப்பும் தேவைப்பட்டன. மிச்சிகன் மாநிலத்தின் லபீர் நகரில் உருவான ‘அப்பாச்சி’, இண்டியானாவின் ‘ஸ்டார்கிராஃப்ட்’ ஆகிய வண்டிகள் இக்காலகட்டத்தைச் சேர்ந்தவை. ஸ்டார்கிராஃப்டில் பணியாற்றிய லாயிட் பான்ட்ரேகர், தாமே வடிவமைத்த தூக்கும் பொறியை நம்பி, 1968இல் தம் பண்ணையின் கோழிக்கொட்டகைகளில் ‘ஜேகோ’ நிறுவனத்தைத் தொடங்கினார்.

கேம்பரின் உண்மையான கண்டுபிடிப்பு இந்தத் தூக்கும் பொறியே எனலாம். இண்டியானாவின் கோஷன் நகரில் உருவாகிப் பல நிறுவனங்கள் கையாண்ட அமைப்பில், கைப்பிடியால் சுழற்றப்படும் விஞ்ச், தரைக்கு அடியில் உள்ள கப்பிச் சட்டத்தை ஒரே கம்பி வடத்தால் இழுக்கிறது. அதிலிருந்து பிரிந்து நான்கு மூலைகளுக்கும் செல்லும் வடங்கள் இழுபடும்போது, வளைந்த குழாய்களுக்குள் கிடக்கும் நீண்ட சுருள்வில்கள் மேலே தள்ளப்பட்டு, ஒன்றினுள் ஒன்று செருகிய தாங்குகால்களை ஒருசேர உயர்த்துகின்றன. ஒரு மூலை மட்டும் தாழ்ந்து நிற்குமாயின், அங்கே வடம் நைந்திருக்கலாம், வில் முறிந்திருக்கலாம், அல்லது குழாயினுள் துரு அடைத்திருக்கலாம். எக்காரணம் கொண்டும் வடத்தை மட்டும் நம்பிக் கூரைக்கு அடியில் வேலை செய்தல் ஆகாது. நான்கு மூலைகளிலும் உறுதியான முட்டுக்கொடுத்த பின்னரே பழுதுபார்க்க வேண்டும்.

கூரையின் கதை வேறு. அலுமினியத் தகட்டுக்கு உள்ளே பிளைவுட்டும் மரச்சட்டமும் கொண்ட கூரைகளில், விளிம்புத் திருகுகளின் வழியே கசியும் நீர் ஆண்டுக்கணக்கில் ஊறி மரத்தை உளுக்கச் செய்கிறது. மேலே தகடு பளபளப்பாக இருக்க, கூர்முனைத் திருப்புளியால் உள்மரத்தைக் குத்தினால் அது ஈரமாக நொறுங்கும். உளுத்ததை அகற்றி, புதிய பிளைவுட்டின் விளிம்புகளை நீர்புகாதவாறு பூசி, தகட்டின் பொருத்துகளில் பியூட்டைல் நாடா வைத்து மூடுவது முறையான பணியாகும். பின்னாளில் சில நிறுவனங்கள் கூரைக்குப் பயன்படுத்திய ஏபிஎஸ் பிளாஸ்டிக் உளுக்காது. ஆனால் வெயிலின் புறஊதாக் கதிர்கள் பட்டுப்பட்டு வெடிக்கும். அது அசிட்டோனில் கரையக்கூடியது என்பதால், ஏபிஎஸ் துணுக்குகளைக் கரைத்த குழம்பைக்கொண்டே விரிசல்களை நிரப்ப இயலும்.

எடை குறித்த கவனக்குறைவே மறுகட்டுமானங்களில் மிகுதியாகக் காணப்படும் குறை. கனமான பலகைகளும் கூரைமேல் குளிரூட்டியும் சேர்க்கப்படும்போது, இலகுவான கூரைக்கெனக் கணக்கிடப்பட்ட வடங்களும் வில்களும் அச்சும் அளவுக்கு மீறிய சுமையை ஏற்கின்றன. கித்தான், மெத்தை, பிளைவுட், டயர் ஆகியவை தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே அமைந்தவை. அவற்றைப் புதியனவாக இடுவதால் வண்டியின் அடையாளம் குலைவதில்லை. தூக்கும் பொறியைக் கழற்றி எறிந்துவிட்டு நிலையான சுவர் எழுப்பிய வண்டியோ, எவ்வளவு அழகாக அமைந்திருப்பினும், புதிதாகக் கட்டப்பட்ட வேறொரு வண்டியாகுமேயன்றி மீட்டெடுக்கப்பட்ட பாப்-அப் கேம்பர் ஆகாது.